நியூகாசிலிலிருந்து தெல்தெனிய வரை: ஒரு குளிசையின் வழி

நூறு மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்தாயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. தைரொயிட் சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்ட ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அவ்வளவு தைரொக்சின் போதும். முப்பது வயதில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் எழுபது வயதுவரை ஒருநாளும் தவறாமல் விழுங்கினாலும் மொத்தம் ஒன்றரைக் கிராமைத் தாண்டாது. ஒரு தேக்கரண்டிச் சீனியில் பாதிகூட இல்லை. குளிசையாக நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நிரப்புப் பொருள்தான். மருந்து அதற்குள் எங்கோ இருக்கிறது.

இந்தத் துளியளவு பொருள் கண்டி மாவட்டத்துத் தெல்தெனிய ஆதார வைத்தியசாலையின் மருந்து யன்னலில் ஒரு காகித உறைக்குள் விழுவதற்கு முன் நெடுந்தூரம் வந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு பெண்ணின் கருப்பைவரை அது போகும் வழி அதைவிடச் சிக்கலானது. முதல் வழியை மருத்துவ வரலாற்று நூல்கள் விரிவாகச் சொல்லியிருக்கின்றன. இரண்டாவதைப் பற்றிக் கிளினிக்கில் பெண்கள் வாய் திறப்பதில்லை. கேட்பவர்களும் குறைவு.

கதை கத்தியில் தொடங்குகிறது. 1870களில் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். ஆல்ப்ஸ் மலைச்சாரலில், தைரொயிட் வீங்கும் கழலை நோய் இல்லாத ஊர் அரிது. பெருத்த கழலை மூச்சுக்குழாயை நெரிக்கும். அதை வெட்டப்போனால் இரத்தம் பெருகி உயிர் போகும். கோக்கர் அவசரப்படாதவர். இரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டிய பிறகே வெட்டுவார். அவர் கையில் நோயாளிகள் பிழைத்தார்கள். சுரப்பியை மிச்சமில்லாமல் எடுப்பதே நல்ல வேலை என்று அன்று அவர் நம்பியிருந்தார்.

1883இல் தம் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். முழுச் சுரப்பியையும் இழந்து பரிசோதனைக்கு வந்த 18 பேரில் 16 பேர் உருமாறியிருந்தார்கள். முகம் ஊதி, பேச்சு இழுபட்டு, குளிர் தாங்காமல், புத்தி மந்தித்துப் போயிருந்தார்கள். 1874இல் அவர் சத்திரசிகிச்சை செய்த ஒரு சிறுமி வளராமலே நின்றுவிட்டாள். அவளுடைய சகோதரி இயல்பாக வளர்ந்திருந்தாள். அதே 1883இல் இதைச் சக மருத்துவர்கள் முன் வெளிப்படையாகச் சொன்ன கோக்கர், சாதாரணக் கழலைக்கு இனி முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தன் கைத்திறன் என்ன செய்துவைத்தது என்று ஒன்பது ஆண்டுகள் கழித்தாவது தேடிப்போய்ப் பார்த்தாரே, அதற்காகத்தான் அவரை மதிக்கத் தோன்றுகிறது. பரிசு அதற்குப் பிறகுதான்.

கழுத்திலிருந்து எடுத்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது? விடை 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கிடைத்தது. ஜோர்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், செம்மறியாட்டின் தைரொயிட் சுரப்பியைக் கிளிசரினில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றை 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசியாக ஏற்றினார். அந்தப் பெண்ணின் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. சுரப்பி தானாகவே செயலிழந்திருந்தது. சில மாதங்களில் முகத்தின் வீக்கம் வற்றியது, பேச்சு தெளிந்தது, துணையில்லாமல் தெருவில் நடமாடினார். மரே பிரித்தானிய மருத்துவ இதழுக்கு எழுதிய அறிக்கையில் இந்த மாற்றங்களுக்கு நடுவே இன்னொன்றும் இருக்கிறது: அவருக்கு மாதவிடாய் உரிய இடைவெளியில் இயல்பாக வந்தது.

உலகில் முதன்முதலாகத் தைரொயிட் மருந்து பெற்றவரின் நோய்க்குறிப்பிலேயே மாதவிடாய் எழுதப்பட்டிருக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு மரே காட்டிய சாட்சிகளில் அதுவும் ஒன்று. நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்து எத்தனை கிளினிக் கொப்பிகளில் அந்த ஒரு வரி இருக்கிறது? கொப்பி வைத்திருப்பவர்கள் புரட்டிப் பார்க்கலாம்.

அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் 74 வயதில் காலமானார். அதுவரை அவருக்காக 870க்கும் மேற்பட்ட செம்மறிகளின் சுரப்பிகள் செலவாகியிருந்தன என்று மரே கணக்கு வைத்திருந்தார். ஊசி அவசியமில்லை, வாய்வழி கொடுத்தாலும் பலிக்கும் என்பது 1892இலேயே தெரிந்துவிட்டது. பிளிமத் நகரின் எட்வர்ட் பொக்ஸ் என்ற மருத்துவர், ஆட்டுச் சுரப்பியை இலேசாகப் பொரித்து நறுக்கிப் பழப்பாகோடு வாரமொரு முறை சாப்பிடச் சொன்னார். மருந்தென்பது சமையலறைக்கு இவ்வளவு அருகில் இருந்த காலமும் உண்டு.

சுரப்பிக்குள் இருந்த சாரத்தைத் தனியே பிரித்தவர் எட்வர்ட் கெண்டல். அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்கில், 1914 நத்தார் தினத்தன்று, அந்தப் பளிங்குகள் அவருக்குக் கிடைத்தன. ஏறத்தாழ மூன்று தொன் பன்றிச் சுரப்பியிலிருந்து 33 கிராம் சேர்த்தார். மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால், இருபத்திரண்டு பெண்களின் ஆயுளுக்கு அது போதும். கெண்டல் அதன் கட்டமைப்பைத் தவறாகக் கணித்தார். 1926இல் லண்டனில் சார்ள்ஸ் ஹரிங்டன் அதைத் திருத்தினார். அடுத்த ஆண்டே ஜோர்ஜ் பார்ஜரோடு சேர்ந்து ஆய்வுகூடத்தில் செய்தும் காட்டினார். 1949இல் கிளாக்சோ நிறுவனத்தின் வேதியியலாளர்கள் பெருமளவில் தயாரிக்கும் வழியைக் கண்டார்கள். அந்நிறுவனத்தின் எல்ட்ரொக்சின் என்ற பெயரை நம் ஊர்ப் பாமசிகளில் இன்றும் கேட்கலாம்.

இன்றைய குளிசைக்கு ஆடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம். டைரொசின் என்ற அமினோ அமிலமும் அயடீனும் போதும். தைரொக்சின் மூலக்கூற்றில் நான்கு அயடீன் அணுக்கள் உள்ளன. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அவைதான். உலகச் சந்தையின் அயடீனில் பெரும்பகுதி சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்து உப்புப் பாறையிலிருந்து வருகிறது; அடுத்த இடம் ஜப்பானுக்கு. தெல்தெனியப் பெண்ணொருத்தி அதிகாலையில் விழுங்குவதில் மழையே காணாத பாலைநிலத்தின் மண் கொஞ்சம் இருக்கக்கூடும்.

இலங்கைக்குள் இந்தப் பயணத்துக்குப் பாதை போட்டவர்களில் ஒருவர் கண்டியோடு தொடர்புள்ளவர். பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். வணிகப் பெயர்களைத் தள்ளிவிட்டு மருந்தின் சொந்தப் பெயரில் கேள்விப்பத்திரம் கோரி நாட்டுக்கே மொத்தமாக வாங்குவது அவருடைய கொள்கை. 1977இல் கயானாவில் அவர் இறந்த பிறகும் அந்த வழி முற்றாக அடைபடவில்லை. கூட்டுத்தாபனம் வாங்குவது கொழும்பின் மருத்துவ வழங்கற் பிரிவுக்கு வரும். அங்கிருந்து கண்டிப் பிராந்தியக் களஞ்சியம், பிறகு லொறியில் மகியங்கனை வீதி, திகன தாண்டித் தெல்தெனிய.

மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு விலை உண்டு. கேள்விப்பத்திரம் கைமாறும்போது குளிசையின் நிறமும் அளவும் மாறும். போன மாதம் சின்னதாக இருந்தது இந்த மாதம் பெரிதாக இருக்கும். பிழையான மருந்து என்று பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தத் தேவையில்லை. ஆனால் தயாரிப்பு மாறினால் உடம்பில் சேரும் அளவும் சற்று மாறலாம்; தைரொக்சின் குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவை ஆறு முதல் எட்டு வாரங்களில் இரத்தப் பரிசோதனையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தெல்தெனிய இடம்பெயர்ந்த ஊர். விக்டோரியா அணைக்கட்டு 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டபோது பழைய பட்டினம் நீர்த்தேக்கத்தின் அடியில் போயிருந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய இடிபாடுகள் தலைகாட்டும். பார்க்கக் கூட்டம் கூடும். இப்போதைய பட்டினம் மேட்டில் இருக்கிறது. ரங்கலை, உன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் மெததும்பறைக் கிராமங்களிலிருந்தும் மக்கள் பஸ் ஏறி வருவது இங்கேதான். கழுத்தில் கத்தி படுவது பெரும்பாலும் கண்டி தேசிய வைத்தியசாலையில் அல்லது பேராதனை போதனா வைத்தியசாலையில். தையல் ஆறியதும் மாதாமாதம் குளிசை வாங்கும் வாழ்க்கை தொடங்கிவிடும்; அதற்குக் கிட்டிய இடம் தெல்தெனிய.

இந்தப் பகுதியில் கழலை புதிதல்ல. மழை கொட்டும் தென்மேற்கிலும் மலையகத்திலும் ஒரு கழலை வலயமே இருந்தது. 1980களில் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் கழலை கண்டார்கள். 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. பற்றாக்குறை பெருமளவு தீர்ந்தது, கழுத்து நோய் தீரவில்லை. சட்டம் வந்து சில ஆண்டுகளில் பாடசாலை மாணவியரின் இரத்தத்தில், தைரொயிட்டைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் எதிர்பார்த்ததைவிட அதிகம் தென்பட்டன. அண்மைக்காலத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் பெண்களிடையே மார்புப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் தைரொயிட் புற்றுநோய்க்கு. ஆக, காரணம் மாறினாலும் கழுத்தில் தழும்போடு வரும் பெண்கள் குறையவில்லை.

ரங்கலைப் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது முப்பத்தைந்து, எடை ஐம்பத்தைந்து கிலோ. பேராதனையில் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. இவருக்கு 88 வரும், 75 அல்லது 100 கொடுத்து ஆரம்பிப்பார்கள். பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்திருந்தால் கதை வேறு. எஞ்சிய பாதியே பெரும்பாலும் சமாளித்துவிடும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே ஹோர்மோன் குறைபாடு வரும்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் முதல் மாதவிடாய் முந்தியோ பிந்தியோ வரலாம். மயக்க மருந்து, உடற்களைப்பு, மனக்கலக்கம் எல்லாம் அதற்குக் காரணம், தானாகச் சரியாகிவிடும். இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்ததால் அதை எடுத்துக்கொண்டவர்கள். அந்த நோயில் மாதவிடாய் குறைந்து, சிலருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஆகியிருக்கும். சுரப்பி போன பிறகு இயல்பான அளவில் வந்ததும், ‘ஒப்பரேசனுக்குப் பிறகு அதிகமாப் போகுது’ என்று பயப்படுவார்கள். பழைய அளவு எது என்று நினைவூட்டினாலே பாதிப் பயம் போய்விடும்.

நம் ரங்கலைப் பெண்ணுக்கோ மூன்றாம் மாதத்திலிருந்து உண்மையிலேயே அதிகம். பத்து நாள் நீள்கிறது, கட்டி கட்டியாக வருகிறது. ஏன்?

குளிசையோடு உள்ளே போய்ப் பார்ப்போம். இரைப்பையின் அமிலத்தில் கரைந்து சிறுகுடலில் உறிஞ்சப்படும்போதே அதில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிவிடலாம். இரத்தத்துக்குள் நுழைந்த தைரொக்சின் அனேகமாக முழுவதும் புரதங்களில் ஒட்டிக்கொண்டுதான் பயணிக்கும். ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் சுதந்திரமாக இராது. வேலை செய்வது அந்தச் சிறு பங்கே. ஈரலும் மற்ற உறுப்புகளும் அதிலிருந்து ஓர் அயடீன் அணுவைக் கழற்றி வீரியமான இன்னொரு ஹோர்மோனாக மாற்றிக்கொள்ளும். சுரப்பியே இல்லாதவர்களின் உடம்பிலும் இந்த மாற்றம் நடக்கிறதென்று 1970இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால்தான் ஒரே குளிசை போதுமாகிறது.

தைரொக்சினில் பாதி கழிய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். ஒருநாள் மறந்தால் உடம்பு கண்டுகொள்ளாது. நாலு வாரம் நிறுத்தினால் பதினாறில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். அந்த நாலு வாரம் ஒரு மாதவிடாய்ச் சுற்றின் நீளம் என்பதைக் கவனியுங்கள். இந்த மாதம் விட்ட பிழை அடுத்த மாதத்தில்தான் தெரியவரும்.

குறைந்தால் என்ன நடக்கிறது? மூளையின் அடிப்பகுதி, தைரொயிட்டைத் தட்டி எழுப்ப ஒரு தூது ஹோர்மோனை அனுப்புகிறது. தட்டப்படவேண்டிய சுரப்பியோ கழுத்தில் இல்லை. ஆனால் அந்தத் தூது கபச் சுரப்பியில் புரோலக்டினையும் உசுப்பிவிடும். பால் சுரக்கவைக்கும் அந்த ஹோர்மோன் ஏறினால் சூலகத்துக்குப் போகும் கட்டளை தளர்கிறது. முட்டை வெளிவருவது தவறுகிறது. முட்டை வராத மாதத்தில் புரொஜெஸ்தரோன் உருவாகாது. கருப்பையின் உட்சவ்வு கட்டுப்பாடில்லாமல் தடித்து, ஒழுங்கில்லாமல் உதிரும். போதாததற்கு, தைரொக்சின் குறைந்தவர்களின் இரத்தத்தில் உறைவதற்கு உதவும் சில காரணிகளும் குறையும். ஆகவே உதிர்வது தாமதமாக வரும், வந்தால் நிற்காது. எல்லோருக்கும் இப்படி ஆகாது. கிரேக்கத்தில் கிராசாஸ் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தைரொயிட் குறைபாடுள்ள 171 பெண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே மாதவிடாய் குழம்பியிருந்தது. நலமுள்ளவர்களில் பன்னிருவரில் ஒருவருக்கு. இது தைரொயிட் குறைபாட்டின் கணக்கு, அறுவையின் கணக்கன்று. சுரப்பி போனதால் மாதவிடாய் கெடுவதில்லை. அதன் இடத்தை நிரப்பவேண்டிய மருந்து போதாமல் போகும்போதே கெடுகிறது.

இரத்தம் போகிறது, பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. மலையில் கூடையோடு ஏற முடியவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் கண்ணிமையை இழுத்துப் பார்த்து இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கிறார்கள். யாரும் செய்யக்கூடிய நியாயமான வைத்தியம். அவர் இரண்டு குளிசையையும் காலையில் சேர்த்தே விழுங்குகிறார். அங்கேதான் கதை திரும்புகிறது. இரும்பு தைரொக்சினைக் குடலிலேயே பிடித்துக் கட்டிவிடும். 1992இல் வெளியான ஓர் ஆய்வில் 14 பேருக்குப் பன்னிரண்டு வாரம் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள், சராசரி டி.எஸ்.எச். 1.6இலிருந்து 5.4க்கு ஏறியது. அதாவது தைரொக்சின் வந்து சேரவில்லை. அது சேராவிட்டால் இரத்தப்போக்கு கூடும். கூடினால் இரும்பு இன்னும் தேவைப்படும். இரும்பைக் கூட்டினால் தைரொக்சின் இன்னும் சேராது.

சத்திரசிகிச்சையில் தைரொயிட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் சிறு சுரப்பிகள் அடிபட்டிருந்தால் கல்சியம் குளிசையும் இருக்கும். அதுவும் இதே வேலையைச் செய்யும். மூன்றாவது ஒன்று இருக்கிறது. மாதவிடாயை ஒழுங்குபடுத்தவென்று ஈஸ்திரஜன் கலந்த குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை கொடுப்பார்கள். ஈஸ்திரஜன் ஏறினால் தைரொக்சினைச் சுமக்கும் புரதம் இரத்தத்தில் பெருகும். சுதந்திரமாக இருந்த சிறு பங்கும் அதில் ஒட்டிக்கொள்ளும். சுரப்பி உள்ளவருக்கு அது ஈடுகட்டிவிடும். இல்லாதவருக்கு அளவைக் கூட்டவேண்டி வரலாம்.

இதில் யாரும் தவறான மருந்து கொடுக்கவில்லை. தைரொயிட்டுக்கு ஒரு கொப்பி, இரத்தசோகைக்கு ஒரு துண்டு, மகளிர் நோய்க்கு வேறொரு கொப்பி என்று காகிதங்கள் தனித்தனியாக இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரே ஆள் அந்தப் பெண். அவரிடமோ யாரும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்பதில்லை.

தீர்வு சிரமமானதல்ல. தைரொக்சினை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரும் சாப்பாடும். பால் தேநீரோடு வேண்டவே வேண்டாம். இரும்புக்கும் கல்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி. தோட்டத்தில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு முன் இருட்டிலேயே எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மலைக்கு ஏறுகிறவருக்கு வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் என்பது ஆடம்பரம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது கழித்து, படுக்கும்போது எடுத்தாலும் நன்றாகச் சேர்கிறதென்று ஆய்வுகள் காட்டியுள்ளன. டொக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம். உறையை அடுப்படியில் செருகி வைக்காதீர்கள். சூடும் ஈரமும் வெளிச்சமும் இந்த மருந்துக்கு ஆகாது.

புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்தவர்களின் வழியில் இன்னொரு மேடுபள்ளம் உண்டு. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பிக் கதிரியக்க அயடீன் கொடுக்குமுன், சிலருக்குத் தைரொக்சினைச் சில வாரம் வேண்டுமென்றே நிறுத்துவார்கள். அந்த நாட்களில் இரத்தப்போக்கு கூடலாம். தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். அயடீன் பெற்ற பிறகு ஐந்தில் ஒருவர் முதல் நால்வரில் ஒருவர்வரையானோருக்குச் சில மாதங்கள் மாதவிடாய் நின்றோ குறைந்தோ போய்ப் பிறகு திரும்பும். குறைந்தது ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாதென்று சொல்வார்கள். நோய் திரும்பாதிருக்கத் தைரொக்சினைச் சற்று அதிகமாகவே கொடுப்பதும் உண்டு. அப்போது எதிர்மாறாக மாதவிடாய் குறையும், நெஞ்சு படபடக்கும்.

கருத்தரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் மூன்று மாதத்தில் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைரொக்சினே ஆதாரம். கருத்தரித்த நான்காம் ஐந்தாம் வாரத்திலேயே தேவை கூடத் தொடங்கும். சுரப்பியில்லாத தாய் தானாகக் கூட்டிக்கொள்ள முடியாது; குளிசையைத்தான் கூட்டவேண்டும், பொதுவாக நாலில் ஒரு பங்குக்கு மேல்.

“கடைசியா எப்ப வந்திச்சி?” என்று மருத்துவ மாது கேட்பார்.

“எனக்குத்தான் அது ஒழுங்கா வர்றதில்லையே, மிஸ்.”

ஒழுங்கில்லாமல் வருகிறவருக்கு நாள் தள்ளிப்போனது உறைக்காது. தெரியவரும்போது அந்த முக்கியமான வாரங்கள் போயிருக்கும். அதனால் கழுத்தில் தழும்புள்ள பெண், நாள் தள்ளுகிறது என்று சந்தேகம் வந்த அன்றே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உறுதியானால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் போக வேண்டும்.

இந்தப் பாதை அறுந்துபோகக்கூடியது என்பதை அண்மையில் இரண்டு முறை பார்த்தோம். 2020இல் தெல்தெனிய வைத்தியசாலையைக் கொவிட் நோயாளிகளுக்கு ஒதுக்கினார்கள். அந்த ஏப்ரல் ஊரடங்கின்போது நாடெங்கும் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உறை தபாற்காரர் கையில் வந்தது பலருக்கு நினைவிருக்கும். 2022 மார்ச் இறுதியில் டொலர் இல்லாமல் மருந்து வற்றியபோது, பேராதனை வைத்தியசாலை முன்கூட்டியே திகதி குறித்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. ஏப்ரல் இறுதியில் இந்தியக் கடற்படையின் கரியால் கப்பலில் பேராதனைக்கும் சேர்த்து மருந்து வந்தது. மருந்துத் தட்டுப்பாடென்றால் இன்சுலினும் இதய மருந்தும்தான் செய்தியாகும். தைரொக்சின் செய்தியாகாது, அது இல்லாமல்போனால் நாலு வாரம் கழித்துத்தானே தெரியும், அதுவும் ஒரு பெண்ணுக்கு மட்டும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லா இரத்தப்போக்கையும் தைரொயிட்டின் தலையில் கட்டிவிடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் வீதம் தொடர்ந்து நனைந்தாலோ, இரு மாதவிடாய்க்கு நடுவில் இரத்தம் கண்டாலோ, மாதவிடாய் முற்றாக நின்ற பிறகு மீண்டும் வந்தாலோ, கருப்பையைப் பார்க்கவேண்டும். அதற்குக் கிளினிக் திகதி பார்க்க வேண்டியதில்லை.

மற்றபடி, அடுத்த முறை தெல்தெனியவுக்கோ கண்டிக்கோ கிளினிக்குப் போகும்போது, கொப்பியின் பின்பக்கத்தில் கடைசி மூன்று மாதவிடாயும் தொடங்கிய திகதியையும் எத்தனை நாள் நீடித்தது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டிலுள்ள எல்லாக் குளிசை உறைகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள், இரும்பும் கல்சியமும் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையும் உட்பட. டொக்டர் கேட்காவிட்டாலும் மேசையில் எடுத்து வையுங்கள்.